தாழ்ப்பாள் கேட்டேன், பணியாரம் வந்தது

தண்ணீரைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் என் கணவர். காரைக்குடியில் ஊருணிக் கரையிலேயே ஒரு விடுதி இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், கதவைத் திறந்தால் சாப்பாட்டு வாசனை என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அறுபதுகளின் நடுவில் எங்களைப் போன்ற திருச்சி குமாஸ்தா குடும்பத்துக்கு விடுதியில் தங்குவதே ஒரு பெரிய காரியம். குன்றக்குடியில் மகளுக்கு முடியிறக்கிக் காது குத்துவதாக வேண்டுதல் இருந்தது. அதை முடித்துவிட்டு மூன்று நாள் நிம்மதியாக இருந்து சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பது அவருடைய திட்டம்.

நிம்மதி என்ற சொல் அந்த நாட்களில் எனக்கு ஒத்துவராது. பிள்ளை இல்லை என்று ஊரே பேசி முடித்த பிறகு, நாற்பதை நெருங்கும்போது பிறந்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட, வீட்டில் இப்போது என்ன செய்கிறாளோ என்று சாக்பீஸ் நின்றுவிடும். அப்போது அவளுக்கு நான்கு வயது.

விடுதி ஒரு பழைய பெரிய வீடு. வாசலிலிருந்து ஒரு நீண்ட நடை உள்ளே போகும். அதன் ஒரு பக்கம் சாப்பாட்டுக் கூடம், மறுபக்கம் அறைகள். எங்கள் அறை கடைசி. அதைத் தாண்டினால் ஒரு கதவு. கதவுக்கு வெளியே உடனே ஊருணிப் படிகள். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அந்தக் கதவைப் போய்ப் பார்த்தேன். தேக்கு மரம், அழகான வேலைப்பாடு. ஆனால் உள்ளேயும் தாழ்ப்பாள் இல்லை, வெளியேயும் இல்லை. என் மகள் ஒரு விரலால் தள்ளினாள், திறந்துகொண்டது.

மேனேஜரைக் கூப்பிட்டேன். சந்தனப் பொட்டும் வெள்ளை ஜிப்பாவுமாக இருந்தார். அவர் எங்களிடம் பேசிய மூன்று நாளும் குரல் உயர்ந்து நான் கேட்கவில்லை.

"சின்னப் பிள்ளை இருக்கிறாள். இந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுங்கள்" என்றேன்.

"ஆகட்டும்மா. ஆசாரிக்குச் சொல்லி விட்டுருவோம். மொதல்ல கை கழுவிட்டு உக்காருங்க, பஸ்ஸுல வந்த களைப்பா இருப்பீக."

கை கழுவிவிட்டு உட்கார்ந்தோம். பால் பணியாரம் வந்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

சாயங்காலம் மறுபடி கேட்டேன். "ஆசாரி ஒரு கல்யாண வீட்டு வேலையில இருக்காக. வந்துருவாக" என்றார். சற்று நேரத்தில் ஒரு தட்டில் மசாலா சீயம் வந்தது. ராத்திரி கொசு பிடுங்கி எடுத்தது. காலையில் கொசுவலை கேட்டேன். "அதுக்கென்னம்மா" என்றார், கும்மாயம் வந்தது. அந்த உளுந்து இனிப்பில் நெய் மிதந்தது. வலை வரவில்லை.

"அவர் செய்யமாட்டார்" என்று கணவரிடம் சொன்னேன்.

"செய்யமாட்டேன்னு அவர் சொல்லவே இல்லையே. இந்தா, இதைச் சாப்பிட்டுப் பாரு."

"அதைத்தான் நானும் சொல்றேன். செய்யறேன்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை."

"உனக்கு எங்க போனாலும் ஒரு குறை" என்றார். தண்ணீர்ப் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு ஊருணியில் ஆகாயம் தெரிந்தது. எனக்கு ஆழம் தெரிந்தது.

அன்று குன்றக்குடிக்குப் போய் வேண்டுதலை முடித்தோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, காது குத்தியதற்கு அழுதாள். அழுகையை நிறுத்த மலையடிவாரக் கடையில் ஒரு சின்னப் பித்தளைச் செம்பு வாங்கிக் கொடுத்தோம். அதோடு அழுகை நின்றது. திரும்பி வரும் வழியெல்லாம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் முதல் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்க வரும் பெண்களை ஜன்னல் வழியாகப் பார்த்துப் படித்தது அது. அந்தத் தெருவுக்கே ஊருணிதான் குடிதண்ணீர். குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, குடத்தை முக்கி எடுத்துப் போக மட்டும்தான். அந்தப் பெண்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறை ஜன்னலுக்குப் போனபோதும் மகளை அங்கிருந்து இழுத்து வருவதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் விருந்துச் சாப்பாடு. பெண்களுக்குத் திரை கட்டிய பக்கம், ஆண்களுக்கு வெளிப்பக்கம். மகளுக்கு முன்பே ஊட்டிவிட்டிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து செம்பை உருட்டிக்கொண்டிருந்தாள். பரிமாறுகிறவர் இலையைக் காலியாக விடமாட்டார். போதும் என்று கையைக் குறுக்கே வைத்தால், விரல் இடுக்கில் ஊற்றுவார். குழம்பை வாங்கி, கூட்டை மறுத்து, அப்பளத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் பிள்ளை இல்லை.

எழுந்துவிட்டேன்.

"எந்திரிச்சிராதீகம்மா! இன்னும் பாயசமே வரலை" என்று பரிமாறுகிறவர் வாளியோடு குறுக்கே வந்தார். பந்தியில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பாதி இலையில் எழுந்திருப்பது அந்தப் பக்கத்தில் சோறு போட்டவரை அவமதிப்பது. எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். எச்சில் கையோடு திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

நடையின் கோடியில் கதவு திறந்து கிடந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. கடைசிப் படிக்கும் கீழே, பச்சைத் தண்ணீருக்கு மேல், சந்தனம் பூசிய மஞ்சள் மொட்டைத் தலை மட்டும் குனிந்து தெரிந்தது. செம்பு கை நழுவி மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதை எட்டுவதற்காக இன்னும் குனிந்தாள். நான் கூப்பிடாமல் முதல் படியிலேயே நின்றுவிட்டேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள், விழுந்திருப்பாள்.

என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் இருந்த குடம் படியில் உருண்டு சத்தமிட்டது. என் மகளின் பாவாடையைப் பின்னால் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள், ஈரத் துணியைத் தூக்குவதுபோல. செம்பு ஒருமுறை சாய்ந்து தண்ணீர் குடித்து உள்ளே போயிற்று.

"புள்ளையப் பாக்காம அங்க என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீக?" என்று மகளை என் மேல் போட்டாள். பிறகு என் கையில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "ஓகோ. கதவுக்குத் தாப்பா கேட்ட டீச்சரம்மா நீங்கதானாக்கும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே தெரியுமே. சிரிச்சுக்கிட்டுல்ல கெடக்கோம். இந்த நடை எங்க வழியம்மா. வீடு கட்டுனவுக தெருவுக்குன்னு விட்ட வழி. காலையிலயும் போவோம், மத்தியானமும் போவோம். இதுக்குத் தாப்பா போட்டா நாங்க எங்குட்டுப் போயி தண்ணி எடுக்குறது? இப்ப உங்க புள்ளையவே எவ வந்து தூக்கியிருப்பா?"

அந்தக் கதவு திறந்திருந்ததால்தான் பிள்ளை போனாள். திறந்திருந்ததால்தான் அந்தப் பெண்ணும் வந்தாள். இரண்டில் எதற்குக் கோபப்படுவது என்று தெரியாத அந்த நிலை கோபத்தைவிட மோசமாக இருந்தது. அவள் குடத்தை எடுத்து நெளிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர் முகக்கக் குனிந்தாள்.

மேனேஜர் கையில் காபியோடு வந்தார். என் கணவர் பின்னாலேயே வந்தார், அவருக்கு வேர்த்திருந்தது.

"இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட முடியாது என்று உங்களுக்கு முதல் நாளே தெரியும், இல்லையா?"

"காபியக் குடிங்கம்மா. படபடப்பா இருப்பீக."

"தெரியுமா, தெரியாதா?"

அவர் கீழே பார்த்தார். "வந்தவுக ஒண்ணு கேக்குறப்ப, இல்லைன்னு மொகத்துக்கு நேரா எப்பிடிம்மா சொல்லுறது? எங்களுக்கு அது வராதும்மா."

"சொல்லியிருந்தால் மாடியில் ஒரு அறை கேட்டிருப்பேன். இவள் காலைக் கட்டிலில் கட்டிப் போட்டிருப்பேன். அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன்."

"காபி ஆறுது" என்றார் என் கணவர். அப்போதும் அவருக்குச் சொல்ல வேறொன்றும் கிடைக்கவில்லை.

காபியை நான் தொடவில்லை. மேனேஜருக்கு அதுதான் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். பிள்ளை தண்ணீர் விளிம்பில் நின்றதைவிட, நான் பாதி இலையில் எழுந்ததும் காபியைத் தொடாததும் அவர் முகத்தில் அதிகமாக வலித்தன. அல்லது, பயந்த மனிதருக்கு அப்படித்தான் முகம் இருக்குமோ என்னவோ. இதை எழுதும்போதும் எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

அன்றைக்கே கிளம்பினோம். ஜட்கா வண்டி வாசலில் நின்றது. மேனேஜர் வாழை இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்து மகள் கையில் கொடுத்தார். கந்தரப்பம், வாசனை எனக்கே தெரிந்தது.

"மனசுல வச்சுக்கிடாதீக. அடுத்த வருசமும் இங்குட்டுத்தான் வரணும்" என்றார்.

"கண்டிப்பா வர்றோம்" என்றார் என் கணவர்.

"வரமாட்டோம்" என்றேன்.

வண்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் தலையை மட்டும் ஆட்டினார். வண்டி தெருமுனை திரும்புகிற வரை வாசலிலேயே நின்றார்.

"ஒரு பேச்சுக்காவது வர்றோம்னு சொல்லியிருக்கலாம். பாவம் அந்த மனுஷன்" என்றார் என் கணவர், பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு. மகள் என் மடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துத் தின்றாள். தின்று முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, என் செம்பு?"

"தண்ணிக்குள்ள போயிருச்சு."

"எடுத்துத் தருவியா?"

"தரலாம், தரலாம். அடுத்த தடவை வரும்போது எடுத்துத் தரலாம்" என்றார் அவள் அப்பா.

"முடியாது. அது இனிமே வராது" என்றேன்.

அவள் திருமயம் வரைக்கும் அழுதாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். நான் அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழட்டும் என்று விட்டுவிட்டேன்.