கை வெட்டின ஸ்வெட்டர்

குளிர் பிரதேசத்துல ஸ்வெட்டர் விக்கிறது சுலபம்னு சொல்றவன், முதுகுல மூட்டையோட, தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீடுங்க இருக்கிற ஒரு லயத்து மேடு ஏறினதில்ல. ஏறினவங்களுக்குத் தெரியும். மனுஷன் எப்படி உண்டானான்னு வாத்தியார் பாடம் நடத்துறப்போ, பாதியிலயே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் பாதிப் பாடத்தை வச்சுத்தான் வியாபாரமே. அந்த மழைக்காலத்துல ஹட்டன் துணிக்கடை மொதலாளி, மூட்டை காலியாகாம கடைப்பக்கம் வராதேன்னுட்டார். வேலை போச்சுன்னா விடியக்காலம் தோட்டத்துல ஆளுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிற பெரட்டுல என்னைக் கொண்டுபோய் நிறுத்த அப்பா தயாரா இருந்தார். எனக்கு விடியக்காலமே ஆகாது.

முடி

நானுஓயா பக்கம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுற முத்தையாண்ணன்கிட்ட விளக்கினேன். ஆதி மனுஷன் வெயில்ல ஓடி ஓடி வேட்டையாடினான், வேர்வை காயணும்னு ஒடம்பு முடி கொறைஞ்சுபோச்சு, பொறகு குளிர் நாட்டுக்கு வந்தான், போத்திக்க வேண்டியதாப் போச்சுன்னு. அவர் பொறுமையாக் கேட்டுட்டு சட்டைப் பொத்தானைக் கழட்டினார். நெஞ்சு பூரா கரடி மாதிரி முடி.

"எங்க பாட்டன் அந்த ஓட்டத்துக்குப் போகல தம்பி. அடுத்த லயத்துல பாரு."

மூக்கு

அடுத்த லயத்துல பாடத்தை மாத்தினேன். குளிர்காத்து உள்ள போறதுக்குள்ள சூடாகணும்னுதான் குளிர் நாட்டுக்காரனுக்கு மூக்கு நீண்டுச்சு, நம்ம தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையப் பாருங்கன்னேன். வாங்குறதுக்கு எடுத்து வச்சிருந்த ஸ்வெட்டரை அந்த லயத்து மாரியாயி அக்கா மடிச்சுத் திருப்பிக் குடுத்தாங்க.

"ஒடம்பே தானா மாறிக்கும்னா இது எதுக்குப்பா? நாங்க இருந்து பாக்குறோம்."

கை

வட்டவளையில மழை விடவே இல்ல. எடத்துக்கு ஏத்த மாதிரி மாறினவன்தான் பொழைச்சான்னு கொழுந்து எடுக்கிற செல்லம்மா அக்காகிட்ட ஆரம்பிச்சேன். அவங்க ஸ்வெட்டர் ஒண்ணை மாட்டிக்கிட்டு தேயிலை நிரைக்குள்ள எறங்கினாங்க. செடியில கைய விட்டதுமே கம்பளிக் கை முழங்கை வரைக்கும் தண்ணி குடிச்சுது, செடி வாதுல மாட்டி இழுத்துது. வெளிய வந்து, ரெண்டு கையையும் வெட்டிக் குடு, வாங்கிக்கிறேன்னாங்க. மொதலாளி சரக்காச்சே, மாட்டேன்னேன். அக்கா விடல. இரவல் கத்தி வாங்கி வெட்டினேன். வெட்டின கை ரெண்டையும் கெண்டைக்கால்ல இழுத்து மாட்டி, மேல சவுக்காரக் கட்டியைத் தேய்ச்சாங்க. ரத்தம் உறிஞ்சுற அட்டை கால்ல ஏறாதாம். பாத்துக்கிட்டிருந்த பொம்பளைங்க எல்லாரும் எங்களுக்கும் வெட்டிக் குடுன்னு மூட்டையைச் சுத்திக்கிட்டாங்க. செல்லம்மா அக்கா என்னைப் பாத்துச் சிரிச்சாங்க.

"எங்களைத்தான் மாறச் சொல்லுவியா? ஒன் சரக்கு மாறக்கூடாதாக்கும்?"

காலி சாக்கு

ஹட்டன் கடைக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். மொதலாளி சாக்கை ஒதறிப் பாத்தார், என்னைப் பாத்தார், உள்ள போய் புது மூட்டையோட வந்தார்.

"கத்தரிக்கோலையும் எடுத்துட்டுப் போ."

வெயிலும் பனியும் மனுஷனை இப்படி ஆக்க எத்தனை லட்சம் வருஷம் எடுத்துச்சோ, என்னை வியாபாரியாக்க வட்டவளைக்கு ஒரு மழைதான் ஆச்சு.