எதிர்க்கடை லூர்தம்மாவும் என் தூக்கும்

என் மெஸ்ஸில் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது சமையல் மாஸ்டர் வந்து சொன்னார்: "எதுத்த கடை லூர்தம்மா போயிட்டாங்களாம்ங்க." எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இன்று மதியம் நம் கடையில் கூட்டம் அள்ளும் என்றுதான் நினைத்தேன். கூடுதலாக அரிசி போடச் சொன்னேன். சீச்சீ, என்ன மனுஷன் நான்! பன்னிரண்டு மணிக்கு என் கடையில் ஈ காக்கை இல்லை. தெருவே அவர் வாசலில் நின்றது. செத்த அன்றும் என் கூட்டத்தை அவரே கொண்டுபோனார்.

பெரம்பலூரில் அவர் மெஸ்ஸில் சாப்பிட்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாழை இலை, எவர்சில்வர் டம்ளர், பக்கத்து ஊர்க் காய்கறி. சாப்பிட்ட இலை மாட்டுக்கு. காய்த்தோல் கொல்லை எருக்குழிக்கு. அந்த எருவில் கறிவேப்பிலை மரம். பார்சல் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரத்தோடு வர வேண்டும். "கொதிக்கக் கொதிக்கக் கொழம்ப கவர்ல ஊத்தி உன் புள்ளைக்குக் குடுப்பியா சாமி? போய் தூக்கு எடுத்துட்டு வா" என்பார். கோபித்துக்கொண்டு என்னிடம் வருவார்கள் என்று காத்திருப்பேன். அவர்களோ வீட்டுக்குப் போய் தூக்கை எடுத்துக்கொண்டு மறுபடி அவரிடமே போவார்கள். எனக்கு வயிறு எரியும். என் கடையில் இலைக்குப் பதில் பளபளவென்று பிளாஸ்டிக் தாள். பார்சலுக்குக் கேட்டதெல்லாம் கவர்.

அவர் வத்தக்குழம்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, எறையூரிலிருந்து வந்திருந்த என் மச்சினனைத் தூக்கோடு அனுப்பினேன். அவனை அங்கே யாருக்கும் தெரியாது. தூக்கு விளிம்புவரை நிறைந்து வந்தது. "அண்ணன ருசி பாத்துட்டுச் சொல்லச் சொல்லுன்னாங்க மாமா" என்றான். எப்படித் தெரிந்தது? மூடியைத் திருப்பினேன். என் பெயரும் கடைப் பெயரும் கொட்டை எழுத்தில் பொறித்திருந்தன. மானம் போயிற்று.

மறுநாள் வீம்பாகப் போய், "நீங்களும் ஒரு நாள் நம்ம கடையில வந்து சாப்பிடுங்க" என்றேன். சிரித்தார். "அந்தத் தாள எடுத்துட்டு எல போடுங்கண்ணே. அன்னைக்கு மொத ஆளா வரேன்."

அவரைப் பார்த்து நான் இலை போடுவதா? போடவில்லை. ஆனால் அவர் வாயால் 'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது, விடவே இல்லை.

போன மாதம் படுத்துவிட்டார் என்று கேட்டு, அதே தூக்கில் மிளகு ரசம் கொண்டுபோனேன். இரண்டு மடக்கு குடித்தார். நான் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு கம்மிண்ணே."

படுக்கையிலுமா! கோபத்தில் தூக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அவர் மகள் தூக்கைக் கொண்டுவந்தாள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்று உள்ளே கறிவேப்பிலை வைத்திருந்தாள்.

"நீங்க போனப்பறம் அம்மா சொட்டு விடாம குடிச்சாங்க மாமா. 'நல்லாருக்குடி, அண்ணங்கிட்ட சொல்லிடாத, அப்பறம் நம்மளோட போட்டி போட்டுச் சமைக்க மாட்டாரு'ன்னாங்க."

நேற்று தாளை எடுத்துவிட்டு இலை போட்டேன். முதல் பந்தியில் முதல் இலையில் மட்டும் யாரையும் உட்கார விடவில்லை. தூக்கு அடுப்படியில் இருக்கிறது. பொறாமையும் அப்படியே இருக்கிறது. அதை விட மனமில்லை. ரசத்துக்கு உப்புப் பார்க்க இனி எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?