வைரக்கண்ணுவின் ஞாபகக் கம்பி

"டம்ளரக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்று கேட்பார். பதில் வருவதற்குள் அடுத்தவர் டீக்குள் கம்பியைப் போட்டுவிடுவார் வைரக்கண்ணு. தீக்குச்சி நீளமுள்ள மெல்லிய கம்பி அது. ஒரு நிமிடம் முன்புதான் இடுக்கியில் பிடித்துத் தன் ஐஸ் பெட்டிக்குள் வைத்தெடுத்துக் கொக்கி மாதிரி மடக்கியிருப்பார். டீ பட்டதும் விருட்டென்று நிமிர்ந்துவிடும். "பாத்தீங்களா? பழசு ஞாபகம் வந்துடுச்சு!"

"அண்ணே, ஒங்க கம்பிக்கு நான் தனியா வெந்நி வச்சித் தரேன்" என்று டீக்கடை செந்தில்குமார் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தார். வைரக்கண்ணு ஒப்பவில்லை. வெந்நீரில் போட்டால் யார் பதறுவார்கள், யார் எட்டிப் பார்ப்பார்கள்? அவசரமும் உண்டு. கொஞ்சம் தாமதித்தால் உடையார்பாளையத்து வெயிலே முந்திக்கொண்டு கம்பியை நிமிர்த்திவிடும்.

இருபத்திரண்டு வருடமாக ஐஸ் விற்கிறவர். பால் ஐஸ், சேமியா ஐஸ், திராட்சை ஐஸ். முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கும் பெண்கள் அவருடைய வண்டி ஹாரனைக் கேட்டுத்தான் நிமிர்வார்கள். இப்போது அந்த ஐஸ்காரரின் வலது தொடையில், வேட்டிக்கு உள்ளே, பச்சைக் கம்பளி மப்ளர் ஒன்று சுற்றியிருக்கிறது. பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மப்ளர் அவிழவில்லை.

தை மாதம் வலது கால் விரல் கறுத்துப்போய்த் திருச்சிக்கு ஓடினார்கள். பீடி செய்த வேலை. தொடையில் ரத்தக் குழாய் அடைத்திருந்தது. அதற்குள் சின்ன வலைக்குழாய் ஒன்றை வைத்துக் காலைக் காப்பாற்றினார் டாக்டர் ஹேமலதா. பயந்த மனிதருக்குப் புரியட்டும் என்று முதலில் இந்தக் கம்பியை வைத்து விளக்கி, அதை அவரிடமே கொடுத்தவரும் அவர்தான். நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். கடும் நெருப்பில் எந்த வடிவத்தில் பிடித்துவைத்தார்களோ, அதை மறக்காது. குளிர்ந்தால் சொன்னபடி வளையும். சூடு கண்டால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். வலையைக் குளிரவைத்து நசுக்கி, மெல்லிய குழலில் அடைத்து உள்ளே அனுப்புகிறார்கள். உடம்புச் சூட்டில் அது தானே விரிந்து ரத்தத்துக்கு வழிவிடுகிறது. எல்லாம் வைரக்கண்ணுவுக்கு நன்றாகப் புரிந்தது. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

"சூட்டுல விரியுதுன்னா, ஜில்லுன்னு ஆனா துவண்டுதானே போவும்? நான் ஐஸ்காரன் டாக்டரம்மா!"

"உடம்புக்குள்ள எப்பவும் ஒரே சூடுதாங்க. ஐஸ் ஒண்ணும் பண்ணாது. பீடிதான் பண்ணும்."

பீடியை விட்டார். பயத்தை விட முடியவில்லை. அவருடைய அண்ணனுக்கு இதே வியாதியில்தான் கால் போனது. மூன்று வருடம் கட்டிலில் கிடந்து, அடுத்தவர் கையை எதிர்பார்த்தே போய்ச் சேர்ந்தார். அதை நினைத்தால் அந்த மப்ளரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் மனசு வராது.

மற்றதற்கெல்லாம் தாராளமாகச் சிரிக்கலாம். பெட்டிக்குள் இப்போது அவர் கை விடுவதில்லை. "நீங்களே எடுத்துக்குங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிள்ளைகள் இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டு ஓடும். பல்லுக்குக் கம்பி கட்டிய காலேஜ் பெண் மேகலா வந்தால் வியாபாரமே கிடையாது. "ஒன் பல்ல இழுத்துப் புடிக்கிறதும் இதே கம்பிதான் தாயி. நாம ரெண்டு பேரும் ஒரே கம்பி. ஒனக்கு ஐஸ் குடுக்க மாட்டேன்." மூக்குக் கண்ணாடியிலும் இந்த உலோகம் வருகிறது, எப்படி முறுக்கினாலும் நேராகிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எல்லாக் கண்ணாடியும் அந்த வகை அல்ல என்பது தலைமையாசிரியரின் கண்ணாடி மேல் உட்கார்ந்து காட்டிய பிறகுதான் தெரிந்தது.

"திருமழபாடித் திருவிழாவோட பெட்டிய வித்துடலாம்னு இருக்கேன்" என்றார் ஒருநாள்.

"வித்துட்டு?" என்றாள் மனைவி கலியம்மாள்.

"போர்வை யாவாரம் பண்ணலாம்."

"அரியலூர் வெயில்ல போர்வையா? நல்லா இருங்க!" என்றாள். இரண்டு பேருக்கும் தெரிந்த தொழில் ஐஸ் ஒன்றுதான்.

நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பதால் திருமழபாடியில் கல்யாணமாகாத கூட்டம் அலைமோதியது. காத்திருக்கிறவர்களுக்கு ஐஸ் வேண்டும். கலியம்மாள் எடுத்துக் கொடுக்க, பொழுது சாய்வதற்குள் குச்சி ஐஸ் தீர்ந்தது. பெட்டியின் அடியில் வெறும் ஐஸ் தூள்தான் மிச்சம். வழக்கமாக இந்த நேரத்தில் கொள்ளிடத்தில் ஒரு முழுக்குப் போடுவார் வைரக்கண்ணு. இந்த வருடம் மணலிலேயே நின்றார். "நாளைக்குப் பெட்டிய கேக்க ஆள் வருது" என்றார்.

கலியம்மாள் அவர் சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்தாள். ஐஸில் புதைத்து, மடக்கி, உள்ளங்கையில் வைத்து மூடினாள். மூடிய கையை மணிக்கட்டுவரை ஐஸுக்குள் சொருகினாள்.

"எண்ணுங்க, நூறு."

"என்ன புள்ள பண்ற?"

"எண்ணுங்கன்னா!"

அவர் பத்து எண்ணுவதற்குள், "குத்துது. உள்ளாற நிமிந்துடுச்சு" என்றாள்.

"அவசரப்படாத. ஜில்லு எறங்கட்டும். திரும்பத் துவண்டுடும் பாரு."

வேண்டுமென்றே மெதுவாக எண்ணினார். அறுபதில் அவள் முழங்கை நடுங்கியது. எண்பதில் பல் தந்தியடித்தது. கையை மட்டும் எடுக்கவில்லை. நூறு வந்ததும் வெளியே எடுத்தாள். விரல்கள் விறைத்துப் பிரியவே இல்லை. ஒவ்வொன்றாக அவர்தான் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளே கம்பி தீக்குச்சி மாதிரி நேராகக் கிடந்தது. உள்ளங்கையின் நடுவில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

"மூடுன கைக்குள்ளயே ஜில்லு எறங்கல. அம்மாம் பெரிய தொடைக்குள்ள எறங்கிடுமா?"

சிவந்து நடுங்கிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார் வைரக்கண்ணு. பிறகு குனிந்து, தொடையிலிருந்த பச்சை மப்ளரைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, அவள் கையில் சுற்றினார்.