அப்பாவின் பங்குத் தண்ணீர்

பஸ்ஸில் அப்பா சீட்டில் சாயாமல், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். குஜிலியம்பாறையில் ஏறியதிலிருந்து அப்படித்தான். சாய்ந்தால் மூச்சு முட்டுகிறது என்றார். கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. வேட்டிக்குக் கீழே கால்கள் தோல் இழுபட்டுப் பளபளத்தன. காற்று வரட்டும் என்று அவரை ஜன்னலோரத்துக்கு மாற்றி உட்கார வைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை தூரத்தில் தெரிந்ததும், "இன்னும் செத்த நேரம்ப்பா, செத்த நேரம்" என்றேன். அவருக்குச் சொன்னேனா, எனக்கே சொல்லிக்கொண்டேனா தெரியவில்லை. என் கல்யாணத்துக்கு நாள் குறித்து, பத்திரிகை அடித்து வந்திருந்த சமயம் அது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டிருந்தன. திண்டுக்கல் அரசு ஆஸ்பத்திரியில்தான் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும், மிஞ்சினால் நுரையீரலுக்கு ஏறும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்திருந்தார்கள். மானாவாரிக் காட்டில் வெயிலோடு வளர்ந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அந்த வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார், பழனிப் பக்கத்துக்காரர். ஊசி குத்துவதற்கு முன்னால் அவர் கேட்கிற கேள்விகள் எனக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டில் யார் சமையல், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா, ஆடுகளை யாரிடம் விட்டுவந்தீர்கள்! கிட்னிக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுப்பேன். ஆடு மேய்க்க ஆள் அமையாத நாளில்தான் அப்பா ஏதாவது சாக்குச் சொல்லி டயாலிசிஸுக்கு வராமல் நின்றுவிடுகிறார் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதே வார்டுக்கு வந்துபோகும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் பேசி, எங்கள் ஆடுகளையும் சேர்த்து ஓட்டிப்போக ஏற்பாடு செய்ததும் அவர்தான்.

அன்றைக்கு எடை பார்த்ததுமே சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. ஆனால் திட்டவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் வைத்து, அவசரமாக மெஷினில் போட்டார்கள். மூச்சுத் திணறல் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் சிஸ்டர் கேட்டார்.

"ஏனுங்கய்யா, நேத்து எங்க போயிருந்தீங்க?"

"பத்திரிகை வைக்கப் போனேன்மா. பங்காளிக வீட்டுக்கெல்லாம்."

"எல்லா வீட்லயும் தண்ணி குடுத்தாங்களாக்கும்?"

"குடுக்காம இருப்பாங்களா?" என்றார் அப்பா. அந்த நிலையிலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

எங்கள் பக்கம் வாசலுக்கு வந்தவரை வாங்க என்று சொன்ன கையோடு ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். மற்ற பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். வாங்கிக் குடிக்காமல் திரும்பினால் பகை என்று அர்த்தம். உடம்புக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தால், "எங்க வீட்டுத் தண்ணி மட்டும் ஒத்துக்காதாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ரெண்டு மடக்குதான் குடித்தேன் என்று அப்பா சத்தியம் செய்தார். எத்தனை வீடு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதிலும் பாதிப் பேருக்குத்தான் வைத்திருந்தார். சித்தப்பா வீடே பாக்கி. கிணற்றுப் பங்கில் சண்டை வந்து, அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல வருஷமாகியிருந்தது.

கல்யாணம் முடிகிறவரை வெளியே எங்கும் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்பா கேட்கவில்லை. "நேர்ல போயி வைக்காட்டி ஒருத்தரும் வரமாட்டாங்க சார். எம் மக பந்தலு வெறிச்சுனு கெடக்கவா நான் இம்புட்டு நாளு உசுர வச்சுக்கிட்டு இருக்கேன்?" என்றார். எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தது. அப்பா இருந்தால் போதும். சிஸ்டர் மெஷினில் அளவைச் சரிபார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம எனக்கு லீவுங்க. நானும் கூட வர்றனுங்க" என்றார்.

சொன்னபடி வந்தார். சொம்பு வந்த இடத்திலெல்லாம் முந்திக்கொண்டு கையை நீட்டினார். "ஐயா பங்க நான் குடிச்சுக்கறனுங்க. அவுருக்குத் தண்ணி ஆகாது, ஆஸ்பத்திரி உத்தரவுங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணாந்து ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடிப்பார். வீட்டுக்காரர்கள் சிரித்துவிடுவார்கள், மனக்கசப்பில்லாமல் பத்திரிகையை வாங்கிக்கொள்வார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் மூச்சு எப்படி இருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டே கூட நடந்தேன்.

ஒரு வீட்டில், "நீங்க என்ன ஆளுக?" என்று சிஸ்டரைக் கேட்டார்கள். "ஆஸ்பத்திரி ஆளுகங்க" என்றார். கொண்டுவந்த சொம்பு உள்ளே திரும்பிப்போய், பிளாஸ்டிக் டம்ளராக வந்தது. சிஸ்டர் அதையும் வாங்கிக் குடித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பா போகலாம் என்று எழுந்தே விட்டார். "உக்காருங்கய்யா, வந்த காரியம் முடியலீங்களே" என்று அவரை உட்கார வைத்ததும் சிஸ்டர்தான்.

சித்தப்பா வீட்டில் சித்தப்பாவே சொம்போடு வந்தார். சிஸ்டர் கையை நீட்டினார், சித்தப்பா கொடுக்கவில்லை. "எங்கண்ணன் கையால வாங்கட்டும்" என்றார். சிஸ்டர் நோயைப் பற்றி எடுத்துச் சொன்னார். சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், ஆனால் நீட்டிய கையை இறக்கவில்லை. அப்பா வாங்கிவிட்டார். நான் பதறிப்போய் சிஸ்டரைப் பார்த்தேன். போகட்டும் விடு என்பதுபோல அவர் தலையசைத்தார். அப்பா ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு இறங்கிவிடுமோ என்று நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொம்பைத் தம்பியிடம் திருப்பி நீட்டி, "மிச்சத்த நீ குடிடா" என்றார். சித்தப்பா நின்ற இடத்திலேயே அத்தனையையும் குடித்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "பந்தி வேலைய நான் பாத்துக்கிறேண்ணே" என்றார்.

கல்யாணத்தன்று பந்தலில் உட்கார இடமில்லை. சிஸ்டருக்குச் சித்தப்பாதான் இலை போட்டுப் பரிமாறினார்.

நான் இப்போது திண்டுக்கல்லிலேயே வாழ்க்கைப்பட்டு இருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும், "நீங்க தண்ணி குடிக்கலாமா?" என்று வாயில் வந்துவிடுகிறது. என் மாமியார் வீட்டுக்கு அது ஒரு தீராத கேலி. எனக்கு அந்தப் பயம் போகவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா சில வருஷம் இருந்தார். கடைசியில், இதயம் தாங்காது, இனி மெஷினில் போட முடியாது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வேனில் ஏற்றும்போது சிஸ்டர் வார்டிலிருந்து ஓடி வந்தார். என் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். "கேட்டா குடுங்க. இனி அளவு பாக்க வேண்டாமுங்க" என்றார். அத்தனை வருஷமும் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவள், அதற்கு மட்டும் ஆட்டவில்லை.

வழியில் எரியோடு ஊரைத் தாண்டியதும் அப்பா கண்ணைத் திறந்தார். "தாகமா இருக்குத்தா" என்றார். பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனேன். அவர் குடிக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"சிஸ்டரு சொல்லுச்சா?"

"சொன்னாங்கப்பா."

அப்பா ஆசை தீரக் குடித்தார்.