சம்பந்தி கேட்காத வேகம்

கடைத்தெருவில் டப்பாக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவர். ரேடியோவில் ஈயம் வைக்கத் தொடங்கிய கை, இன்று படம், பாட்டு எல்லாம் சேமிக்கிற எஸ்.எஸ்.டி.யை உள்ளே பூட்டி, கம்ப்யூட்டரிலும் போனிலும் செருகுகிற டப்பாக்களைக் கோக்கிறது. ஒருத்தரிடமும் கைகட்டி நின்று கற்றதில்லை. “பெரிய படிப்புக்காரனெல்லாம் என் கடை வாசல்லதான்யா நிக்கிறான்” என்பார். பொய்யும் இல்லை.

அவர் மகளின் மாமனார் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவர். முழு சூரிய கிரகணம் வருகிறது, இரண்டரை நிமிடம்தான், இனி அவர் ஆயுசில் வராது. தொலைநோக்கியில் போனைப் பொருத்தி, படத்தை நேராக எஸ்.எஸ்.டி.யில் பதிய வேண்டும் என்று கடைக்கு வந்தார்.

“மெதுவான டப்பாவே போதும் சம்பந்தி. மேல கரண்டு கிடையாது. போன் குடுக்கிறதுலதான் அது ஓடணும்.”

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எனக்கே பாடமா என்று டப்பாக்காரருக்குச் சுருக்கென்றது. “எங்கிட்ட விட்டுட்டுப் போங்க” என்றார்.

அவர் போனதும், எஸ்.எஸ்.டி.யை வயரோடு இணைக்கிற போர்டுகளில் இருப்பதிலேயே வேகமானதை எடுத்து டப்பாவுக்குள் வைத்தார். கடைக் கம்ப்யூட்டரில் செருகினால் நாலு மடங்கு வேகம்! சுவர் பிளக்கிலிருந்து வேண்டிய மட்டும் கரண்டு குடிக்கிற கம்ப்யூட்டர் அது. போனில் ஓட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. முடிந்த பிறகு சொல்லி சம்பந்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கிரகணத்தன்று காலைதான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவரும் மாடியிலேயே நின்றார். அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள், ஓடியது. சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்பே பதிவைத் தொடங்கினார்கள். முழுதாக மறைந்து மாடியே இருண்டு ஒன்றரை நிமிடத்தில், டப்பாவின் விளக்கு அணைந்தது. பதிவு அறுந்தது. வாத்தியார் வயரைப் பிடுங்கிச் செருகுவதற்குள் வெளிச்சம் திரும்பிவிட்டது. பாதியில் நின்ற படம் திறக்கவும் இல்லை.

“கை நடுங்கி வயரை ஆட்டிட்டீங்களா? ஒரு வேலை உருப்படியா செஞ்சிருக்கீங்களா நீங்க?” என்று சம்பந்தியம்மா பிடித்துக்கொண்டார்.

வாத்தியார் டப்பாக்காரர் பக்கம் திரும்பினார். “டப்பாவுல ஏதாவது இருக்குமா சம்பந்தி?”

டப்பா கையில் சுட்டது. தொட்டவுடனே இவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் வாய், பழக்கதோஷம், “நம்ம சரக்கா? சான்ஸே இல்ல” என்றது.

“அப்ப என் கைதான்” என்றார் வாத்தியார்.

பார்த்துத் தருகிறேன் என்று டப்பாவைக் கடைக்கு எடுத்துவந்தார். மறுநாள் தன் போனில் செருகினார். மூன்றாம் நிமிடம் விளக்கு அணைந்தது. அதைக் கழற்றி மெதுவான போர்டை உள்ளே வைத்தார். ஒரு மணி நேரம் முணுமுணுக்காமல் ஓடியது. இப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. டப்பாவை மூடித் திருகாணியும் முடுக்கிவிட்டார்.

அப்போது மகள் போன் செய்தாள். “அப்பா, மாமா தொலைநோக்கியை ஸ்கூலுக்குக் குடுக்கப்போறாராம். கை நடுங்குது, இனி எனக்கு எதுக்குங்கிறார். காலையிலேர்ந்து காப்பி கப்பைக்கூட ரெண்டு கையால பிடிக்கிறார்ப்பா.”

எத்தனை பேரை வாயாலேயே மடக்கியவர்! அன்று கடையைச் சாத்திவிட்டுச் சம்பந்தி வீட்டு மாடிப்படி ஏறினார். வேகமான போர்டை மேசையில் வைத்தார்.

“இதைத்தான் உள்ள வச்சிருந்தேன். வேகம் ஏற ஏற இது கரண்டை அள்ளிக் குடிக்கும். போனால தாக்குப்பிடிக்க முடியல. நேத்து டப்பா கையில சுட்டப்பவே தெரியும். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்.”

“நான் கேட்டது இது இல்லியே” என்றார் வாத்தியார்.

“இல்ல. உங்களுக்கு மேல ஒரு படி காட்டணும்னு…” என்றார் டப்பாக்காரர்.

“அப்ப இவர் கை?” என்றார் சம்பந்தியம்மா.

“கைக்கு ஒண்ணுமில்லம்மா.”

வாத்தியார் வலக்கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து வெகுநேரம் பார்த்தார். அது ஆடவில்லை. சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

டப்பாக்காரர் எழுந்தார். “வரேன் சம்பந்தி” என்றார். போய்ட்டு வாங்க என்று யாரும் சொல்லவில்லை. செருப்பை மாட்டத் தெரியாதவர் போல வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கிப் போனார்.