சுவரில் செருகிய ரேஷன் கார்டு

கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் அறை. கதவை ஒட்டிய சுவரில் சின்னதாக ஒரு பிளவு. அதில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று என் அண்ணியின் ரேஷன் கார்டு. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதியில் அவருடைய புகைப்படம் தெரிந்தது. எதிர்ச்சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் நான்கு சார்ஜர்களில் சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வெளிநாடு போய்வந்தவர்கள் கோபுரத்தையும் கடலையும் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு இதுதான் நிற்கிறது. இதைவிட நல்ல காட்சி அந்த ஊரில் இருந்ததாக நான் நம்பவும் இல்லை.

அண்ணி வெம்பாக்கம் பக்கம் கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். அவரைக் கட்டிய என் அண்ணன் ஆரணியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் வேறொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். போகிற அவசரத்தில் வீடியோ கேமராவையும் ஸ்டில் கேமராவையும் விட்டுவிட்டுப் போனான், அவன் செய்த ஒரே நல்ல காரியம் அது. அண்ணி வீடியோ கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டார், நான் ஸ்டில் கேமராவை எடுத்துக்கொண்டேன். ரெண்டு பொம்பளைகள் என்ன எடுத்துக் கிழிப்பார்கள் என்று பேசிய அதே ஊரில், மூன்று வருஷத்துக்குள் முகூர்த்த நாள் என்றால் எங்களைப் பிடிப்பது கஷ்டம் என்று ஆனது.

வீட்டு ரேஷன் கார்டு மட்டும் அண்ணன் பெயரிலேயே கிடந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றப் போவதாக அண்ணி சொன்னபோது குறுக்கே நின்றவர் என் அப்பா. நாளைக்கே அவன் திரும்பி வந்தால் எந்த முகத்தோடு கார்டைக் காட்டுவாய் என்று கேட்டார். அண்ணி குரலை உயர்த்தவில்லை. "வந்தா அவர் பேரயும் சேத்துக்கலாம் மாமா. கீழ மெம்பர் லிஸ்ட்ல எடம் கீது" என்றார். அப்பா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. கார்டுக்கான புகைப்படத்தை அண்ணன் விட்டுப்போன ஸ்டில் கேமராவிலேயே, டைமர் வைத்துத் தானே எடுத்துக்கொண்டார் அண்ணி. சிரிக்கச் சொன்னேன், மறுத்துவிட்டார். குடும்பத் தலைவி என்று அச்சாகி வந்த பிளாஸ்டிக் கார்டு அன்றிலிருந்து அவருடைய கைப்பையை விட்டு இறங்கியதில்லை.

மலேசியக் கல்யாணம் எங்களுக்கு வந்தது ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளியால். அவருடைய பெண்ணை அங்கே கொடுத்தார். அவர் வீட்டு விசேஷம் எல்லாம் நாங்கள்தான் எடுத்தோம் என்பதால் கையோடு கூட்டிப்போனார். விமான நிலையத்தில் அண்ணி பாஸ்போர்ட்டைத் தேடும்போது ரேஷன் கார்டும் சேர்ந்து வெளியே வந்தது. அங்கே போய் பாமாயில் வாங்கப் போகிறாயா என்று முதலாளி கேட்க, வரிசையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அண்ணி கார்டைத் துடைத்து உள்ளே வைத்தார். "பாஸ்போர்ட்டு கேட்டாக்கா குடுத்துட்டாங்க. இது நான் சண்ட போட்டு வாங்கினது" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

போய் இறங்கிய அன்றே மதியம் நிச்சயதார்த்தம், நாங்கள் தங்கிய ஹோட்டலிலேயே. அறைக்குள் நுழைந்ததும், வாங்கி வந்த அடாப்டரில் எங்கள் ஜங்ஷன் பாக்ஸைச் செருகி எல்லா பேட்டரிகளையும் சார்ஜில் போட்டோம். அறையைப் பூட்டிக்கொண்டு மேடை அலங்காரத்தை எடுக்கக் கீழே இறங்கினோம். இரண்டரை மணி நேரம் கழித்து ஓட்டமாக வந்து பேட்டரிகளைக் கழற்றினோம். சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு அடையாளமாகச் சிவப்புப் பட்டு நூல் கட்டுவது எங்கள் வழக்கம். தறிக்காரர் வீடுகளில் கழிவு நூலுக்கா பஞ்சம்? நேரக் கணக்கை நம்பி எல்லாவற்றுக்கும் நூல் கட்டினேன். சார்ஜர் விளக்கைப் பார்க்கவே இல்லை. எங்கள் தெருவில் கரண்ட் போனால் யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை. சுற்றிலும் ஓடும் விசைத்தறிகளின் சத்தம் நின்றுவிடும், எங்கே இருந்தாலும் காதுக்குத் தெரிந்துவிடும். சத்தம் நிற்கவில்லை என்றால் கரண்ட் இருக்கிறது என்று பழகிய காது அது. கம்பளம் விரித்த அந்த ஹோட்டலில் நிற்பதற்கு என்ன சத்தம் இருந்தது?

மோதிரம் மாற்றும் நேரத்தில் அண்ணியின் கேமரா அணைந்தது. நூல் கட்டிய அடுத்த பேட்டரியைப் போட்டார், அதுவும் அணைந்தது. என்னுடையதும் அப்படியே. மாப்பிள்ளையின் சித்தப்பா, ஹோட்டல் ஏற்பாடு முழுக்க அவர் பொறுப்பு, எல்லார் முன்னாலும் முதலாளியிடம் சொன்னார்: "உங்க ஊரு ஆளுங்க பந்திய எடுக்கட்டும். தாலி கட்டுறத எங்க ஆளுங்க எடுப்பாங்க." முதலாளி கெஞ்சி ஒருநாள் தவணை வாங்கினார். மறுநாள் நலங்கிலும் வரவேற்பிலும் ஒரு நிமிஷம் கேமரா நின்றாலும், அதற்கடுத்த காலை முகூர்த்தத்தில் நாங்கள் இல்லை. எனக்கு அழுகை வந்தது. மேடை தெரியாத மூலையில் நின்று இலையில் விழும் சாம்பாரை எடுக்கவா கடல் தாண்டி வந்தோம்? ஊரில் இந்தக் கதை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்பதும் தெரியும்.

அறைக்கு வந்ததும் அண்ணி என்னைத் திட்டவில்லை. நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். எப்போதும் போவது மாதிரி வெளியே போகச் சொன்னார். சாவிக்குப் பதிலாக ஹோட்டலில் கொடுத்த, சுவரில் செருகியிருந்த கதவுக் கார்டை உருவிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கதவைத் திறந்தபோது பின்னால் அறை இருட்டாக இருந்தது. "கரண்டு நம்ம கூடவே வெளிய வந்துடுது பாப்பா" என்றார். கதவுக் கார்டு சுவர்ப் பிளவில் இருந்தால்தான் அறையில் கரண்ட். பூட்டி எடுத்துக்கொண்டு போனால் கரண்டும் போச்சு. ஒருத்தி அறையிலேயே காவல் இருந்தால் ஒரு கேமராதான் ஓடும். இன்னொரு கார்டு கேட்டதற்கு, அறை பதிவு செய்தவர் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள் வரவேற்பில். பதிவு செய்தவர் அந்தச் சித்தப்பா. அவரிடம் போய் எங்களுக்கு அறையின் கரண்டே புரியவில்லை என்று சொல்வதைவிட, பந்தியையே எடுத்துவிட்டுப் போகலாம்.

அண்ணி கைப்பையைத் திறந்தார். ரேஷன் கார்டும் அதே அளவு, அதே கனம். பிளவில் வைத்து அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன், அவர் மட்டும் புகைப்படத்தில் இருந்தது போலவே நின்றார். கழற்றும்போது புகைப்படத்தின் குறுக்கே ஒரு கீறல் விழுந்திருந்தது. பார்த்துவிட்டு, புகைப்படம் வெளியே இருக்கும்படி திருப்பிச் செருகினார். நலங்கு, வரவேற்பு முழுக்க நான் மாடிக்கும் கீழேயுமாக ஓடினேன். நூல் கட்டுமுன் ஒவ்வொரு முறையும் பச்சை விளக்கைக் கண்ணால் பார்த்தேன். கேமரா ஒருமுறைகூட நிற்கவில்லை.

முகூர்த்தத்தன்று தாலி மேடைக்கு வரும் நேரம், சித்தப்பா அண்ணியின் பக்கத்தில் வந்து பேட்டரி இருக்கிறதா என்று கேட்டார். அண்ணி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கீதுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஃப்ரேம்ல வர்றீங்க." அவர் தள்ளி நின்றார். அந்த வீடியோவில் ஓரமாக ஒரு பட்டுச் சட்டைக் கை பின்வாங்கிப் போவது இன்றும் இருக்கிறது. எத்தனையோ முறை எடிட் செய்தும் அண்ணி அதை வெட்டவிடவில்லை.

இப்போது முட்டி வலி என்று அண்ணி வெளிநாடு வருவதில்லை. நான் தனியாகத்தான் போகிறேன். எனக்கும் தனி ரேஷன் கார்டு இருக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தனிக் கார்டு எதற்கு என்று கேட்டவர்கள் முன்னாலேயே அண்ணி என்னை உட்காரவைத்துப் படம் எடுத்தார். நானும் சிரிக்கவில்லை. போன மாதம் துபாயில் ஒரு ஹோட்டலில் அதைச் சுவரில் செருகினேன். விளக்கு மினுங்கி அணைந்துவிட்டது. இப்போதெல்லாம் பிளவுகளும் விவரமாகிவிட்டன, தங்கள் கார்டைத் தவிர எதையும் ஏற்பதில்லை. கீழே போய் இன்னொரு கார்டு கேட்டேன். ஒருத்தருக்கு ஒன்றுதான் என்றார்கள். என் பின்னால் வரிசை நீண்டது. நான் நகரவில்லை.

அறைக்கு வந்து அண்ணிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பின்னணியில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது, ஊரில் கரண்ட் இருக்கிறது.

"அப்ப அவங்க கார்டு எத்தினி வாங்கின?" என்று கேட்டார்.

"ரெண்டு அண்ணி."

"செரி. ஒண்ண செருவிட்டு வேலக்கிப் போ."