வரிசை கலைந்த அட்டைகள்

கனடாவில், மோர்னிங்சைட்டில் அந்த வீட்டுக்கு நான் போகத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்து நான்கு வயது. என்னுடையது வீடு வீடாகப் போய் வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை. குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, சாப்பாடு சூடாக்குவது. ஏஜென்சிக்காரி போனில் சொன்னது இவ்வளவுதான்: அயர்லாந்துக்காரர், தனி ஆள், சரித்திரம் எழுதினவர், கண் பார்வை மங்கல், பிடிவாதம் கொஞ்சம் உண்டு. கொஞ்சமாம். முதல் நாளே, நான் ஜாக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை, சுவரைப் பிடித்துப் பிடித்து என்னை பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தட்டில் பன்னிரண்டு சப்பாத்துப் பெட்டிகள் இருந்தன. இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் தொடலாம், இவற்றை மட்டும் தொடக்கூடாது என்றார். உங்களைப் பார்க்கவே நேரம் காணாது ஐயா, பெட்டியைத் தொட்டு நான் என்ன செய்ய என்று தமிழில் முணுமுணுத்தேன்.

பெட்டிகளுக்குள் இருந்தவை அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு பெண். எல்லா அட்டையிலும் அதே நான்கு விஷயங்கள்: பெயர், ஊர், புருஷன் வீட்டை விட்டுப் போயிருந்த வருஷங்கள், அவள் சொன்னது.

இளம் வயதில் அவர் லெசோத்தோவுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனவர். நாலு பக்கமும் தென்னாபிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு அது. போனவர் முப்பது வருஷம் அங்கேயே நின்றுவிட்டார். அந்த ஊர் ஆண்கள் எல்லைக்கு அப்பால் தங்கச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் வருவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். மற்றவர்கள் ராசாக்களையும் சண்டைகளையும் எழுதிக்கொண்டிருக்க, இவர் மலையில் காத்திருந்த பெண்களிடம் போனார். ஏன் என்று ஒருநாள் சவரம் செய்துவிடும்போது அவரே சொன்னார். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது தகப்பன் இங்கிலாந்துக்குக் கட்டட வேலைக்குப் போனாராம். போனவர் போனவர்தான். என்னுடைய மனிசனும் என்னை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுத்தான் கனடாவுக்கு வந்தவர். ஒருவருடைய கன்னத்தில் சவர்க்கார நுரை இருக்கும்போது பேசுகிற கதையா அது?

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு என்று அடிக்கடி சொல்வார். முன்பின் தெரியாத ஆள் போய் வாசலில் நின்று கேள்வி கேட்க முடியாது. உன்னை யார் அனுப்பியது என்றுதான் முதலில் கேட்பார்கள். இதற்கு முன் பார்த்த பெண்ணின் பெயரைச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். பேசி முடிந்ததும், அடுத்து இன்னாரிடம் போ, நான் அனுப்பினேன் என்று சொல் என்பார்கள். இப்படி ஒருத்தி ஒருத்தியாக அனுப்பி, நானூற்றுக்கு மேற்பட்ட பெண்களை அவர் பார்த்திருக்கிறார். யார் யாரை அனுப்பினாளோ அந்த வரிசையில்தான் அட்டைகளும் நின்றன. இதையெல்லாம் அவர் சொல்லும்போது நான் பெரும்பாலும் தண்ணீரின் சூட்டைக் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரேடியோ போவது மாதிரி அது காதில் போய்க்கொண்டிருக்கும்.

மாசி மாதம் அவர் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். அதற்குள் நேர்சிங் ஹோமில் கட்டிலும் கிடைத்துவிட்டது. அயர்லாந்தில் இருந்த மகள் போன் எடுத்து, வீட்டை விற்கப்போகிறோம், பெட்டிகள் லெசோத்தோவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகின்றன, கூடவே பெயர்ப் பட்டியல் ஒன்று வேண்டுமாம், எழுதித் தர முடியுமா என்று கேட்டார். நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் பதினொரு வருஷம் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவள். பட்டியல் என்றால் அகரவரிசை. அதை எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்கு முந்திய இரண்டு நாளும் மில்லிக்கனில் இன்னொரு கிழவியுடன் இரட்டை வேலை. கால் இரண்டும் விண்விண் என்று வலித்தன. மனிசன் ஒஷாவாவில் வேலை முடிந்து நாலு மணிக்கு என்னை ஏற்ற வருவார், அதற்குள் முடித்துவிடவேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஏ, பி, சி என்று கும்பம் கும்பமாகப் பிரித்தேன். இரண்டு பெட்டி முடிந்து மூன்றாவதைத் திறந்தபோது, மூடியின் உள்பக்கம் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. கண் தெரியாதவர் எழுதிய பெரிய எழுத்து. வரிசையை மாற்றவேண்டாம்.

வாசித்தேன். வடிவாகத்தான் வாசித்தேன். இரண்டு பெட்டி ஏற்கெனவே கலந்துபோயிருந்தது. நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்கவேண்டும், கேட்கவேண்டும், பேச்சு வாங்கவேண்டும், இன்னொரு நாள் வரவேண்டும். யார் இதை எடுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சப் பெட்டிகளையும் திறந்தேன். நாலு மணிக்குப் பன்னிரண்டும் முடிந்தது.

காருக்குள் ஏறியதும் மனிசன் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"அலுப்பு."

"உமக்கு எந்த நாள்தான் அலுப்பில்லை," என்று காரை எடுத்தார்.

புதன்கிழமை கிழவர் வீட்டுக்கு வந்தார். வந்ததும் வராததுமாக முதல் பெட்டியைக் கேட்டார். முன் அட்டையை எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். கத்துவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு இப்போது ஞாபகத்தில் வருவது எங்களுடைய தமிழில்.

"எல்லாப் பெட்டியுமோ?"

ஓம் என்றேன். பட்டியலுக்காக, தேட வசதியாக இருக்கட்டும் என்று செய்தேன் என்றேன்.

"நீர் உதவிதானே செய்ய நினைச்சனீர்," என்றார்.

அதற்கும் ஓம் என்றேன். அந்த இரண்டாவது ஓம் பொய். அதை மறைக்க நான் அவர்மீதே பாய்ந்தேன். இவ்வளவு படித்த மனிசன் ஏன் நம்பர் போடவில்லை? கச்சேரியில் ஒரு மாட்டு வழக்குக்கும் நம்பர் இருக்குமே. அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். ஒவ்வொருத்திக்கும் பின்னால் யார் நிற்கிறாள் என்று தனக்கு மறக்கும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை என்றார்.

நேர்சிங் ஹோமுக்குப் போகப் பதினொரு நாள் இருந்தது. தினமும் குளிப்பு முடிந்ததும் இருவரும் மேசையில் இருந்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரைச் சொல்வார், நான் அட்டையைத் தேடி எடுப்பேன். அகரவரிசையில் இருந்ததால் சட்டென்று எடுக்க முடிந்தது, அதை நான் வாய்திறந்து சொல்லவில்லை. இந்தத் தடவை பென்சிலால் நம்பர் போட்டேன். பேசி முடியும்வரை இவள் தன் பிள்ளையை என் மடியில் இருத்திவிட்டாள் என்பார். இவள் புருஷனின் சுரங்கத் தொப்பியில் வெங்காயம் போட்டு வைத்திருந்தாள் என்பார். பிறகு களைத்து அப்படியே தூங்கிவிடுவார். நானும் எதிர்க் கதிரையில் தூங்கிவிடுவேன். என் நேரம் முடிந்த பிறகும் அங்கே இருந்தேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்கவேண்டாம், குற்ற மனசு.

நூற்று அறுபத்து மூன்றாவது பெண்ணில் வந்து நின்றுவிட்டார். அவள் தன்னை ஆற்றுக்கு அப்பால் அனுப்பினாள் என்றார். யாரிடம் என்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மற்றப் பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன்.

"அவள் கையை நீட்டிக் காட்டினவள். கை தெரியுது. ஆர் எண்டு தெரியேல்லை," என்றார்.

மிச்சம் இருநூற்றைம்பது பெண்களும் அகரவரிசையில் கிடந்தார்கள். அவர்களை இனி யாரும் யாரிடமும் அனுப்பப்போவதில்லை. எனக்கு என்மீது வந்த வெறுப்பைச் சொல்ல முடியாது.

கடைசி நாள் ஒரு வெறும் அட்டையை எடுக்கச் சொன்னார். நூற்று அறுபத்து மூன்றுக்குப் பின்னால் வைக்கவேண்டும், லெசோத்தோவில் இதைப் பார்ப்பவர்களுக்கு நடந்தது தெரியவேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: இங்கிருந்து வரிசை இல்லை. என்னைப் பராமரித்த பெண் உதவி செய்யும் நல்ல எண்ணத்தில்...

அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மூன்றாவது பெட்டியின் மூடியில் இருந்ததை நான் வாசித்தேன் என்று சொன்னேன். வாசித்த பிறகும் பத்துப் பெட்டிகளைக் கலைத்தேன் என்றேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஏன்?"

"அலுப்பாயிருந்தது."

குளிர்சாதனப் பெட்டி ஓடி நின்றது.

"அப்ப அதை எழுதும்," என்றார். "மற்றவையின்ரை மாதிரியே எழுதும்."

புது அட்டை எடுத்தேன். பெயர் எழுதினேன். ஊர் எழுதினேன். மூன்றாவது வரியில், புருஷன் போயிருந்த வருஷங்களில், சற்று நேரம் நின்றேன். பிறகு ஒன்பது என்று எழுதினேன். அதற்குக் கீழே, கடதாசியைக் கண்டேன், அலுப்பில் கலைத்துப்போட்டேன் என்று எழுதினேன். அவர் அட்டையை வாங்கிப் பூதக்கண்ணாடியால் மேலிருந்து கீழே வாசித்தார். ஒன்பதில் கண்ணாடி கொஞ்சநேரம் நின்றது. அட்டையை என்னிடம் திருப்பித் தந்து, நம்பரைப் போடச் சொன்னார்.

நூற்று அறுபத்து நான்கு என்று பென்சிலால் போட்டேன்.